பக்கம் முடியும் இடம்



ஒரு நூலைப் படிக்கும்போது பக்கத்தின் அடியை அடைந்ததும் நம் கை தானாகவே தாளைப் புரட்டுகின்றது. அப்பக்கம் அவ்விடத்தில் ஏன் முடிந்தது என்று நாம் கேட்பதில்லை. அதனை முடித்துவைத்தவர் நூலாசிரியர் அல்லர்; அவருடைய கைப்படியில் அவ்வரி வேறோர் இடத்தில் இருந்திருக்கும். அச்சகத்திலே எழுத்துக் கோத்தவரே தாளின் அளவையும் வரிகளின் தொகையையும் நோக்கி, ஒரு தலைப்பு மட்டும் பக்கத்தின் அடியில் தனித்து நின்றுவிடாமலும், ஓர் அட்டவணை நடுவே பிளந்துபோகாமலும் பார்த்து, 'இஃது இங்கே முடிக' என்று தீர்மானித்தார். ஆகவே, பக்கத்தின் முடிவு ஒரு மனிதனின் தீர்ப்பாகும். அம்மனிதனை விலக்கி, அவனுடைய இடத்திலே ஒரு பொறியை நிறுத்தினால், அத்தீர்ப்பை வழங்குவது யார்? இக்கேள்விக்குக் கண்ட விடைகளின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

கணினியிலே 'வெறும் எழுத்துக் கோப்பு' என்று ஒன்று உண்டு. எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் இடைவெளிகளும், மாலையில் கோத்த மணிகள் போல, ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதே அது. எழுத்தின் பருமன் யாது, தாளின் நீளம் யாது, ஓரம் எவ்வளவு என்னும் செய்தி எதுவும் அதனுள் இல்லை. அத்தகைய கோப்பை அச்சுப்பொறிக்கு அனுப்பும்போது, பக்கம் எங்கே முறிய வேண்டும் என்பதை அறிவிப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வரிகளை எண்ணுதல். அதாவது, இத்தனை வரிக்கு ஒரு பக்கம் என்று கணக்கிட்டு, எஞ்சிய இடத்தை வெற்று வரிகளால் நிரப்புதல். மற்றொன்று, 'இங்கே பக்கம் முடிந்தது' என்று வெளிப்படையாக ஒரு குறியை இடுதல். எண்ணுவதா, சொல்லுவதா என்னும் இவ்வழக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்திருக்கின்றது.

பக்கம் என்பது எழுத்தோடு உடன்பிறந்ததன்று. பண்டை எகிப்தியரும் கிரேக்கரும் உரோமரும் பப்பிரசுச் சுருளில் எழுதினர். சுருளிலே எழுத்து நிரல் நிரலாக அமைந்திருக்கும். படிப்பவர் ஒரு கையால் விரித்து, மறு கையால் சுருட்டிக்கொண்டே போவார். கி. பி. முதலாம் நூற்றாண்டு தொடக்கம் தாள்களை மடித்துத் தைத்த புத்தகம் பரவலாயிற்று. நான்காம் நூற்றாண்டளவில் அது சுருளைப் பெரும்பாலும் வென்றது. நம் முன்னோரின் ஓலைச் சுவடியிலோ, ஓலையின் முடிவுக்கும் பொருளின் முடிவுக்கும் தொடர்பு இல்லை. இடம் முடிந்தால் சொல்லின் நடுவிலேயே அடுத்த ஓலைக்குச் சென்றுவிடுவர். ஏட்டின் எண்ணே ஒழுங்கைக் காத்தது. ஐரோப்பிய அச்சகத்தார் நெடுங்காலம் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லையும் அச்சிட்டு வந்தனர். தாள்கள் முறைமாறாமல் அடுக்கப்படுவதற்கு அது துணைசெய்தது. இவற்றால் நாம் அறிவது யாதெனில், பக்கத்தைத் தருவது கருத்தன்று, எழுதப்படும் ஓலையும் தாளுமே என்பதாகும்.

பின்னர்த் தட்டச்சுப்பொறி வந்தது. அதன் வழக்கமான அளவு அங்குலத்துக்கு 6 வரிகள். ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் கடிதத் தாளின் நீளம் 11 அங்குலம். ஆறையும் பதினொன்றையும் பெருக்கினால் 66 வருகின்றது. இந்த 66 என்னும் எண்ணை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இக்கதையின் பெரும்பகுதி அதனைச் சுற்றியே நிகழ்கின்றது. தட்டச்சாளருக்கு அவ்வெண்ணால் இடர் ஒன்றும் நேரவில்லை. தாளின் அடி நெருங்குவதை அவர் கண்ணாற் கண்டார். அதனை உருவி எடுத்து, வேறொரு தாளைச் செருகினார்.

தந்தி அச்சுப்பொறிக்கோ கண் இல்லை. பிரான்சு நாட்டு எமில் போடோ என்பார் 1874ஆம் ஆண்டிலே தம் தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஐந்து துடிப்புகளின் சேர்க்கையால் ஓர் எழுத்தைக் குறிப்பது அம்முறை. 1901ஆம் ஆண்டளவில் டொனால்ட் மரே என்பார் அதனைத் திருத்தியமைத்தபோது, அச்சில் தோன்றாத இரண்டு ஏவற்குறிகளைச் சேர்த்தார். ஒன்று, எழுதும் உறுப்பை வரியின் தொடக்கத்துக்கு மீட்கும் குறி. மற்றது, தாளை ஒரு வரி மேலே தள்ளும் குறி. எழுத்தோடு எழுத்தாக ஏவலையும் கம்பிவழி அனுப்பலாம் என்னும் எண்ணம் இவ்வாறு நிலைபெற்றது. ஆயினும், பக்கத்துக்கென்று தனிக் குறி வேண்டப்படவில்லை. தந்திப் பொறியிலே பூட்டப்பட்டது நீண்ட கடதாசிச் சுருள். பப்பிரசு காலத்துச் சுருள் மீண்டும் வந்துவிட்டது. சுருளுக்குப் பக்கம் எதற்கு?

கணினியின் காலத்திலேதான் பக்கம் ஒரு சிக்கலாயிற்று. ஐ. பி. எம். நிறுவனம் 1959ஆம் ஆண்டிலே தன் 1401 என்னும் கணினியோடு 1403 என்னும் வரி அச்சுப்பொறியையும் அறிமுகஞ் செய்தது. வரிக்கு 132 எழுத்துகளாக, நிமிடத்துக்கு 600 வரிகளை அஃது அச்சிட்டது. அறுபத்தாறு வரி கொண்ட பக்கம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஒன்பது பக்கம். இவ்வேகத்திலே தாளைத் தாளாகச் செருகுவது எங்ஙனம் இயலும்? எனவே, மடிப்பு மடிப்பாக அடுக்கிய தொடர்கடதாசி பயன்பட்டது. அதன் இரு ஓரங்களிலும் அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளைகள். பற்சக்கரங்கள் அத்துளைகளைப் பற்றி இழுத்தன. மடிப்பு இருக்கும் இடத்தைப் பொறி அறியாது. அறியாவிட்டால், சம்பளப் பட்டியலின் ஒரு வரி மடிப்பின் மேலேயே அச்சாகி, கிழிக்கும்போது இரண்டாகிவிடும்.

இதற்கு அப்பொறியாளர் கண்ட தீர்வு மிக எளியது. சிறிய காகித நாடா ஒன்றை, தாளின் நீளத்துக்கு இசைய வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினர். தாள் நகர நகர அவ்வளையமும் உடன் சுழலும். அதன் அகலத்திலே 12 தடங்கள் உண்டு. முதலாம் தடத்தில் ஒரு துளை இட்டால், அதுவே பக்கத்தின் தலை. 'முதலாம் தடத்துக்குச் செல்' என்று கணினி ஏவியதும், தூரிகை போன்ற தொடுமுனை அத்துளையை உணரும்வரை தாள் விரைந்து ஓடி, உணர்ந்தவுடன் நின்றது. பக்கத்தின் அடி நெருங்கியதை அறிவிப்பதற்குப் பன்னிரண்டாம் தடம் பயன்பட்டது. தாளின் அளவு மாறினால் நாடாவை மாற்றினாற் போதும். நிரலை மாற்ற வேண்டியதில்லை. இங்கே ஓர் அரிய பிரிவினையைக் காண்கின்றோம். 'பக்கம் முடிந்தது' என்று சொல்லுவது நிரலின் கடமை. பக்கம் எவ்வளவு நீளம் என்று அறிவது பொறியின் கடமை.

இவ்வேவலை நிரல் எழுதுவோர் எவ்வாறு விடுத்தனர்? ஐ. பி. எம். நிறுவனத்தார் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட ஃபோட்ரான் என்னும் நிரல்மொழியின் வழக்கில், ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அச்சிடப்படுவதில்லை; அஃது ஏவலாகவே கொள்ளப்பட்டது. முதல் இடம் வெறுமையாயின் அடுத்த வரி. சுழியம் ஆயின் ஒரு வரி விட்டு மறு வரி. ஒன்று என்னும் எண் ஆயின் புதிய பக்கம். கூட்டற்குறி ஆயின் முன்னைய வரியின் மேலேயே மீண்டும் அச்சு. இவ்விதியை மறந்தவருக்கு நேர்ந்த இடரை எண்ணிப் பாருங்கள். ஒரு பரீட்சைப் பட்டியலிலே நூறு புள்ளி பெற்ற மாணவனின் எண், வரியின் முதலிடத்தில் விழுந்துவிட்டது என்போம். அச்சுப்பொறி அந்த ஒன்றை ஏவலாக விழுங்கி, புதிய தாளுக்குத் தாவி, அங்கே இரண்டு சுழியங்களை மட்டும் அச்சிடும். நூறு பெற்றவன் பூச்சியம் பெற்றவனாகிவிடுவான்! செய்தியையும் ஏவலையும் ஒரே இடத்தில் வைத்ததன் விளைவு அது. இவ்விதி 2003ஆம் ஆண்டைப் பெயரிற் கொண்ட ஃபோட்ரான் தரநியமத்திலேதான் நீக்கப்பட்டது.

செய்திக்கும் ஏவலுக்கும் வேறு வேறு இடம் வகுத்தது ஆஸ்கி என்னும் குறியீட்டு முறை. அமெரிக்கத் தரநிர்ணயச் சங்கம் 1963ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அதனை வெளியிட்டது. மொத்தம் 128 இடங்கள். அவற்றுள் சுழியம் முதல் 31 வரையுள்ள 32 இடங்கள் அச்சில் தோன்றாத ஏவற்குறிகளுக்கு ஒதுக்கப்பட்டன. ஏழாம் எண் மணியை ஒலிப்பிக்கும். பத்தாம் எண் தாளை ஒரு வரி தள்ளும். பதின்மூன்றாம் எண் வரித்தொடக்கத்துக்கு மீட்கும். இவற்றிடையே பன்னிரண்டாம் எண்ணில் அமர்ந்ததே 'ஃபோம் ஃபீட்' என்னும் குறி. அதனை நாம் புதுப்பக்கக் குறி என்று அழைப்போம். ஆங்கில நெடுங்கணக்கின் பன்னிரண்டாம் எழுத்து எல். ஆதலால், விசைப்பலகையில் கட்டுப்பாட்டு விசையோடு எல் எழுத்தை அழுத்தினால் இக்குறி பிறக்கின்றது. இன்றைய உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடும் ஆஸ்கியின் 128 இடங்களையும் அவ்வாறே தன் தலையிலே தாங்குகின்றது. எனவே, இன்று தமிழில் தட்டச்சிடும் கோப்பிலும் புதுப்பக்கக் குறியின் எண் பன்னிரண்டே.

குறி பிறந்துவிட்டது, வழக்குத் தீர்ந்துவிட்டதா? இல்லை. குறி இருந்தும் எண்ணுவோர் எண்ணிக்கொண்டே இருந்தனர். பெல் ஆய்வுகூடத்திலே யூனிக்ஸ் என்னும் இயக்க முறை உருவாகிய காலத்தில், அதன் முதற் பயனாளராக அமைந்தவர் அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பகுதியினர். 1971ஆம் ஆண்டில் அவர்கள் அதனைக் கொண்டு விண்ணப்பங்களைத் தட்டச்சிட்டனர்; வரி எண்ணிட்ட பக்கங்களை ஆக்கித் தரக்கூடியதாய் இருந்தமை அம்முறைக்கு ஒரு சிறப்பாயிற்று. அவ்வாண்டின் யூனிக்ஸ் கையேட்டிலே பிஆர் என்னும் கட்டளையும் இடம்பெற்றது. வெறும் எழுத்துக் கோப்பைப் பக்கம் பக்கமாக வகுத்துத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்புவது அதன் பணி. இன்றும் வழங்கும் அக்கட்டளை, வேறு சொல்லாவிட்டால், பக்கத்துக்கு 66 வரி என்றே கொள்கின்றது. தலையில் ஐந்து வரி, அடியில் ஐந்து வரி, நடுவே 56 வரி செய்தி. பக்கத்தின் எஞ்சிய இடத்தை அது வெற்று வரிகளால் நிரப்பும். தனியாகக் கேட்டுக்கொண்டாலன்றிப் புதுப்பக்கக் குறியை இடாது.

தொடர்கடதாசி ஓடிக்கொண்டிருந்த வரையில் இக்கணக்குப் பிழைக்கவில்லை. 1984ஆம் ஆண்டில் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தின் லேசர்ஜெட் என்னும் அச்சுப்பொறி வந்தபோது அடித்தளமே அசைந்தது. லேசர் பொறி தாளின் விளிம்புவரை அச்சிடுவதில்லை. தலையிலும் அடியிலும் அரை அரை அங்குலத்தை ஒதுக்கிவிட்டு, அமெரிக்கக் கடிதத் தாளில் 60 வரிகளையே அஃது இயல்பாக ஏற்றுக்கொண்டது. அறுபத்தாறு வரிக்கென்று நிரப்பிய கோப்பு அதனிடம் சென்றால் என்ன நிகழும்? முதற்பக்கத்தின் கடைசி ஆறு வரிகள் இரண்டாம் தாளுக்கு வழியும். இரண்டாம் பக்கத்தின் தலைப்பு ஏழாம் வரியில் விழும். மூன்றாம் பக்கத்தினது பதின்மூன்றாம் வரியில் விழும். இவ்வாறு தலைப்பு படிப்படியாக நடுத்தாளுக்கு இறங்கி, அடிக்குச் சென்று, பத்துப் பக்கங்கள் பதினொரு தாள்களைத் தின்ற பின்னரே மீண்டும் தலைக்கு வந்து சேரும்.

நம் நாட்டிலும் உலகின் பெரும்பகுதியிலும் வழங்கும் ஏ4 தாளிலோ கணக்கு வேறு. அதன் நீளம் 297 மில்லிமீற்றர், ஏறத்தாழ 11.7 அங்குலம். முழுநீளத்துக்கு 70 வரி. லேசர்ஜெட்டின் கணக்கிலே 64 வரி. அமெரிக்காவில் எண்ணி நிரப்பிய கோப்பு இங்கே எப்படியும் பொருந்தாது. தாளைவிட நீளமான வரி ஒன்று இரண்டாக மடிந்து அச்சானாலும் போதும், எண்ணிக்கை அந்த இடத்திலேயே கெட்டுவிடும். ஒரு பெறுபேற்றுப் பட்டியலிலே மாணவனின் பெயர் ஒரு தாளின் அடியிலும், அவனுடைய புள்ளிகள் அடுத்த தாளின் தலையிலும் நிற்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். அத்தாள்கள் பிரிந்துவிட்டால், அப்புள்ளிகள் எவருடையவை என்று எவ்வாறு துணிவது? பக்கம் முறியும் இடம் அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று; அஃது உண்மையைப் பற்றிய செய்தியும் ஆகும்.

எண்ணுதலும் சொல்லுதலும் தம்முள் இணங்கி வாழ்ந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையின் விதிகளைக் கூறும் ஆவணத் தொடர் ஒன்று 1969ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் திகதி தொடங்கியது. ஆர். எஃப். சி. என்று வழங்கும் அத்தொடர் நெடுங்காலம் வெறும் எழுத்துக் கோப்பாகவே வெளிவந்தது. அதனை எழுதுவோருக்கு 1997ஆம் ஆண்டில் வகுத்த விதி இது: வரிக்கு 72 எழுத்துக்கு மேற்படலாகாது, பக்கத்துக்கு 58 வரிக்கு மேற்படலாகாது, ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் புதுப்பக்கக் குறி தனி வரியில் நிற்றல் வேண்டும். இதன் நுட்பத்தை நோக்குக. ஐம்பத்தெட்டு என்பது 60இலும் அடங்கும், 64இலும் அடங்கும், 66இலும் 70இலும் அடங்கும். எண்ணிக்கை இங்கே எல்லையை மட்டும் காத்தது. முடிவைச் சொன்னது குறியே. ஆதலால், குறியை மதிக்கும் பொறியில், அமெரிக்கத் தாளிலும் ஏ4 தாளிலும் ஒரே பக்கத்தில் ஒரே செய்தி நின்றது. 'பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்க்க' என்று ஒருவர் எழுதினால், கடலுக்கு அப்பால் இருப்பவரும் அதே வரிகளைக் கண்டார்.

ஆனால், எல்லாப் பொறியும் குறியை மதிக்கவில்லை. 1978ஆம் ஆண்டில் வந்த வீ. டீ. 100 என்னும் புகழ்பெற்ற கணினி முனையம், பன்னிரண்டாம் எண் வந்தால் அதனை ஒரு வரித் தள்ளலாகவே கொண்டது. திரையிலே தாள் ஏது? வேறு சில முனையங்கள் அக்குறியைக் கண்டதும் திரையையே துடைத்துவிட்டன. எளிய எழுத்துத் தொகுப்பான்கள் சில, அதனைப் பொருள் தெரியாத சிறு பெட்டியாகக் காட்டுகின்றன. கோப்பின் இறுதியில் குறி இல்லாவிட்டால், பழைய லேசர் பொறிகள் கடைசித் தாளை வெளியே விடாமல் வைத்துக்கொண்டு, முகப்பில் உள்ள பொத்தானை ஒருவர் வந்து அழுத்தும்வரை காத்திருந்தன. குனூ என்னும் திட்டத்தாரோ நிரலை எழுதும்போது அதன் இயல்பான பகுதிகளைப் பிரிப்பதற்கு இக்குறியையே இடுமாறு தம் வழிகாட்டியிற் கூறினர். தாளை நகர்த்தப் பிறந்த குறி, கருத்தின் எல்லையைக் காட்டும் குறியாக அங்கே உயர்வு பெற்றது.

இறுதியில், ஆர். எஃப். சி. ஆவணங்களின் எழுத்துப் படிவமும் 2019ஆம் ஆண்டிலிருந்து பக்கங்களைக் கைவிட்டது. படிப்போர் பெரும்பாலும் திரையிலேயே படிக்கின்றனர்; கைத்தொலைபேசியின் திரைக்கும் மேசைக் கணினியின் திரைக்கும் பொதுவான பக்கம் என்று ஒன்று இல்லை. இப்பொழுது அவற்றைப் பக்க எண்ணால் அன்றிப் பகுதி எண்ணாலேயே சுட்டுகின்றனர். இதனைக் குறியின் தோல்வி என்று கொள்ளலாகாது. பகுதி எண் என்பதும் ஆசிரியரால் வெளிப்படையாகச் சொல்லப்படுவதே. தாளை அளந்து பெறப்படுவதன்று. எண்ணியது வீழ்ந்தது, சொல்லியது நின்றது.

எனினும், அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வெறும் எழுத்துக் கோப்பை அச்சிடும் தேவை இன்னும் முற்றாக மறையவில்லை. அதனைச் செய்வோர் கொள்ளத்தக்க முறைகள் சில. பக்கத்தை முடிப்பதற்கு வெற்று வரிகளை அடுக்குதல் வேண்டா. புதுப்பக்கக் குறி ஒன்றை இடுக. அக்குறிகளுக்கு இடையே வரும் வரிகள், தாள் கொள்ளும் அளவுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். தாள் மாறினாலும் தீங்கு நேராது. பிஆர் கட்டளையைக் கையாள்வோர், தம் தாளின் வரித்தொகையைத் தாமே அறிவித்து, நிரப்பலுக்கு ஈடாகக் குறியைக் கேட்டுப் பெறுதல் நன்று. அனுப்பும் முன், கோப்பைத் திறக்கும் மென்பொருள் குறியை மதிக்கின்றதா என்று இரண்டு பக்கங்களை அச்சிட்டு நோக்குதல் வேண்டும். மைக்குரோசொஃப்ற் வேட் என்னும் மென்பொருள் பன்னிரண்டாம் எண்ணைப் பக்க முறிவாகவே ஏற்றுக்கொள்கின்றது. வேறு வழி இல்லாதபோது அதன் வழியாகவும் அச்சிடலாம்.

நேயர்களே, எண்ணிக்கை தாளை நம்பியது. தாள் மாறிற்று, எண்ணிக்கை பொய்த்தது. குறியோ எழுதியவரின் கருத்தைத் தாங்கியது. தாள் மாறியும் கருத்து மாறவில்லை. நாம் எழுதுவன நம் மேசையைவிட்டு நெடுந்தூரம் செல்கின்றன. நாம் காணாத பொறியிலே, நாம் அறியாத தாளிலே, நம் பின்னோரின் கைகளில் அவை விரிகின்றன. 'அவர்களுடைய தாளும் என் தாளைப் போன்றதே' என்று எண்ணிக்கொண்டு எழுதுபவன், தான் இல்லாத இடத்திலே தன் பொருளைத் தற்செயலிடம் ஒப்படைக்கின்றான். இங்கே தொடங்குகிறேன், இங்கே முடிக்கிறேன் என்று வெளிப்படச் சொல்லி எழுதுபவனுடைய பொருளோ, அவன் இல்லாத இடத்திலும் ஒழுங்கு குலையாமல் நிற்கும். அச்சில் தோன்றாத பன்னிரண்டாம் எண் நமக்கு உணர்த்துவது இதுவே.